பச்சைப் பேனா சார்

"பாடம் நடத்தினீங்களா, இல்ல தாலாட்டுப் பாடினீங்களா?"

கல்லூரித் தாளாளர் இப்படிக் கேட்டதும், வேலை கேட்டு வந்தவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். மாமனார் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்தது. பழைய கல்லூரியில் ஆள்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து மாமனார் வீட்டு மாடியில்தான் குடித்தனம். இந்தக் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்துவிட்டால் தனியாக வீடு பார்த்துப் போய்விடலாம் என்று காலையில்தான் மனைவிக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சற்றுமுன் அவர் நடத்திய மாதிரி வகுப்புக்கு மதிப்பெண் போடும் பொறுப்பைத் தாளாளர் மாணவர்களிடமே விட்டிருந்தார். ஜனநாயகத்தின் மேல் அவ்வளவு பற்று. தவிர, அவருக்குக் கணக்கு வராது.

"நீயே சொல்லும்மா" என்றார், வகுப்பின் சார்பில் வந்து உட்கார்ந்திருந்த மாணவியிடம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று ஆரம்பித்தாள் அவள். தப்பாக எடுத்துக்கொள்ளும்படிதான் ஏதோ வரப்போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. "நீங்க ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தைக்கு வர்றதுக்குள்ள நாங்க டீ குடிச்சிட்டு வந்துடலாம். எங்க பச்சைப் பேனா சாரா இருந்தா இந்நேரம் ரெண்டு கணக்கு முடிஞ்சிருக்கும்."

"பச்சைப் பேனாவா?"

"இதான் உங்ககிட்ட இருக்கிற பிரச்சினையே" என்று தாளாளர் புகுந்தார். "டிகிரி வாங்கினதோட உலகமே முடிஞ்சு போச்சுன்னு உட்கார்ந்துடறீங்க. வெளியில என்ன நடக்குதுன்னே தெரியறதில்ல. வீடியோவுல கணக்கு நடத்துறார் சார் அவர். முகம் காட்ட மாட்டார். ஒரு கை, ஒரு பச்சைப் பேனா, அவ்வளவுதான். பாடப் புத்தகம்கூட அவரே எழுதிப் போட்டிருக்காராம், யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். எல்லாமே இலவசம்."

இலவசம் என்ற சொல்லைத் தாளாளர் மிட்டாய் போலச் சப்பிச் சப்பிச் சொன்னார். வண்டி நிறுத்துவதற்கும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறவர் அவர்.

"போன செமஸ்டர்ல நாங்க பாஸானதே அவராலதான் சார்" என்றாள் மாணவி. "கிளாஸுக்கு அட்டென்டன்ஸுக்காக மட்டும்தான் வருவோம்."

தாளாளர் பெருமையாகத் தலையாட்டினார். அந்தத் தேர்ச்சியைக் கொண்டாடி வாசலில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். அதில் தாளாளர் படம் மட்டும் இருந்தது.

"அவர் மாதிரி ஒருத்தர் நேர்ல வரட்டும். கேக்குற சம்பளம் தரேன். என் நாற்காலியையே கொடுத்துட்டு ஓரமா நின்னுக்குறேன். ஆனா இருக்கறதெல்லாம் உங்களை மாதிரி ஆளுங்கதானே? போட்டுக் காட்டும்மா, பார்த்தாவது கத்துக்கட்டும்."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். திரையில் ஒரு கை தடதடவென்று எழுதித் தள்ளியது. குரல் எண்ணெயில் விழுந்த கடுகாகப் பொரிந்தது. வந்தவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மிகவும் பழக்கப்பட்ட எதையோ அடையாளம் தெரியாமல் பார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

"ஏம்மா, எப்பவுமே இப்படித்தான் பார்ப்பீங்களா?"

"எல்லாருமே இப்படித்தான் சார். யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கு?"

வந்தவர் விரலை நீட்டித் திரையின் ஓரத்தில், வேகம் என்ற இடத்தில் இருந்த இரண்டை ஒன்றாக மாற்றினார்.

பேனா நடைக்கு வந்தது. கடுகு அடங்கியது. சற்றுமுன் வகுப்பறையில் எல்லாரையும் தூங்கவைத்த அதே குரல், ஒவ்வொரு வார்த்தையாக, போனிலிருந்து நிதானமாக வந்தது.

மாணவி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். "சார்... நீங்களா?"

தாளாளர் அவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு தன் நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு அதில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா நீங்கதான் ஏற்கனவே எங்க காலேஜ்ல சும்மாவே வேலை பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, அப்புறம் எதுக்குப் புதுசா ஒரு சம்பளம்?"