ஒரு தடவை செத்த எலி

ஆய்வுக்காகக் கொடுத்த உப்புத் தண்ணீரைக் குடித்தே ரத்தக் கொதிப்பு ஏறிய அந்த எலியைக் காலையில் ஆய்வக உதவியாளர் யார்மிலாதான் அறுத்தாள். இதயத்தை எடை பார்த்துக் குப்பியில் போட்டாள். மதியம் கூண்டைத் திறந்தால், காதில் அதே அடையாள வெட்டுக்குறியோடு அது மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது, துடிப்பு இல்லை.

தலைமை ஆய்வாளர் ஹாவ்ரானெக் எட்டிப் பார்த்து வெளிறிப்போனார்.

“மறுபடி அறுத்துடும்மா.”

“ஒரு தடவை செத்தாச்சு டாக்டர். இன்னொரு தடவை என்னால முடியாது.”

“அது ஆய்வகத்துச் சொத்து!”

“உங்க எலி குப்பியில இருக்கு. இது நம்ம கணக்குலயே இல்ல.”

எலியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பிராக் நகர டிராமில் ஏறினாள். வழியில் வாங்கிய ரொட்டியை நீட்டினாள். மேலே ஒட்டியிருந்த உப்புக்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்ட பிறகுதான் எலி தின்னத் தொடங்கியது.