அரை டேங்க்

"மாமா, பங்க் வருது. ஓரங்கட்டுங்க, ஒரு அஞ்சு லிட்டர் போட்டுகினு போயிடலாம்."

"எதுக்கு மச்சான்? முள்ளைப் பாரு, அரைல நிக்குது. அரை டேங்க் கீது," என்றார் பொன்னுரங்கம். அதற்குள் பங்க் பின்னால் போய்விட்டது.

கேசவன் திரும்பி அந்த பங்க்கையே பார்த்தான். அவன் அக்கா புருஷன் பொன்னுரங்கம், மேடவாக்கத்து நிலத்தில் பாதியை மனை போட்டு விற்ற சூட்டோடு வாங்கிய பழைய கார் இது. நேற்றுச் சாயந்தரம்தான் புரோக்கர் வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனான். தாம்பரத்தில் கிளம்பியபோது அரையில் நின்ற பெட்ரோல் முள், குரோம்பேட்டை தாண்டியும் அதே அரையில் நிற்கிறது. கேசவன் முள்ளின் மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான். அசைந்து கொடுக்கவில்லை.

இன்றைக்கு மட்டும் வண்டி வழியில் நின்றால் அவன் மானம் கப்பலேறிவிடும். குன்றத்தூர் மலையடிவாரத்து மண்டபத்தில் அக்கா அஞ்சம்மாளின் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்தவளுக்குக் குத்தியபோது பஸ் கிடைக்காமல் கேசவன் தாமதமாகப் போக, பெரியம்மா மகன் துலுக்காணம் சட்டென்று சம்மணம் போட்டு மடியைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து எந்த விசேஷம் என்றாலும் துலுக்காணத்துக்குத்தான் முதல் மாலை. கேசவன் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. வீட்டார் எல்லாரும் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். அவர்களோடு போயிருக்கலாம். "தாய்மாமனை நான்தான் நம்ம கார்ல இட்டாருவேன்" என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார்.

பல்லாவரத்தில் மாமா திடீரென்று குனிந்து கேசவனின் காலடியை எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"இன்னா மாமா?"

"ஒண்ணியும் இல்ல. செருப்பு புச்சா?"

"போன வருசம் வாங்கினது. மாமா, அதோ இன்னொரு பங்க்."

"முள்ளு சொல்லுது, நீ சும்மா இரு."

பம்மலில் குறுக்கே நாலு எருமைகள் வந்தன. மாமா ஹாரனை அழுத்தியபடியே ஒரு பெட்டிக்கடை வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அனகாபுத்தூரில் கேசவன் டீ குடிக்கலாமா என்றான். வேண்டாம் என்றுவிட்டார் மாமா. சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போனார்கள், ஆனாலும் கார் எங்கேயும் நிற்கவில்லை. மாமாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்த முள்ளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். உள்ளுக்குள் இவருக்கும் பயம்தான், வீம்புக்குப் பேசுகிறார் என்று கேசவன் நினைத்துக்கொண்டான்.

மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது மண்டபம் தெரிந்தது. வாசலில் மேளம், ஆரத்தித் தட்டு, குழந்தையோடு அஞ்சம்மாள். கேசவன் சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு தயாரானான். கார் மேளத்தைத் தாண்டிப் போயிற்று.

"மாமா, மண்டபம்."

"தெரியுது. மொதல்ல மலையை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். புண்ணியம்."

ஒரு சுற்று முடிந்தது. மறுபடியும் மேளம் வாசித்தார்கள். மறுபடியும் கார் தாண்டியது.

"ஒத்தப்படையா மூணு சுத்தணும் மச்சான்."

மூன்றாவது சுற்றில் அஞ்சம்மாள் கூடவே ஓடி வந்தாள். "யோவ், இன்னாய்யா ஆச்சு உனக்கு?" மாமா பதிலுக்கு ஹாரன் அடித்தார். சுற்றியிருந்தவர்கள் பெரிய வேண்டுதல் என்று நினைத்துக் காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உள்ளே துலுக்காணம் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்வதைக் கேசவன் தன் கண்ணால் பார்த்தான். ஓடுகிற காரிலிருந்து குதித்துவிடலாம் என்று கைப்பிடியை இழுத்தான். அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும் என்றார் மாமா. கேசவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாவது சுற்றில், பத்து இருபதுக்கு, கார் இரண்டு முறை இருமியது. குலுங்கியது. மண்டபத்தைத் தாண்டிப் பத்தடி தூரத்தில் நின்றேவிட்டது. முள் அப்போதும் அரையில்தான் இருந்தது.

அஞ்சம்மாள் ஓடிவந்து கதவைத் திறந்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையைக் கேசவன் மடியில் உட்கார வைத்தாள். பத்தர் காருக்குள்ளேயே தலையை நீட்டி இரண்டு காதையும் குத்திவிட்டார். குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாகக் கேசவன் அழுதான், சந்தோஷத்தில். மேளக்காரர்கள் காரைச் சுற்றி நின்று வெளுத்துக் கட்டினார்கள். மாலையும் அவன் கழுத்துக்கே வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கேசவன் கெத்தாகச் சொன்னான். "அந்த முள்ளை நம்பாதீங்கன்னு தலபாடா அடிச்சுகினேனே மாமா. பாத்தீங்களா, பெட்ரோல் சுத்தமா காலி."

பொன்னுரங்கம் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எப்படா காலியாவும்னு வழி முச்சூடும் முருகனைத்தான் வேண்டிகினு வந்தேன் மச்சான். டிரைவிங் ஸ்கூல் வண்டில மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் கீது, எப்பவும் அவரேதான் மிதிச்சி நிறுத்துவாரு. எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும்."