அண்ணன் கை பட்ட கார்

“பானட்டத் தொறக்க வேணாம் லா! இஞ்சின் இன்னும் சூடா இருக்கு, கை வெந்துரும்!”

தங்கையின் வெள்ளைக் காருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான் ஹேமநாதன். ஊரே திரண்டு வந்தாலும் நகரமாட்டான் போலிருந்தது. பிரேமலா அதைப் பெருமையோடு பார்த்தாள். கூடப் பிறந்தவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

உலு திராமில் லாரிகள் நிறுத்தும் திடலில் அன்று கார் போட்டி. வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே, ஒன்றையும் இடிக்காமல், யார் சீக்கிரம் ஓட்டி முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வாங்கியபடியே எதையும் மாற்றாத கார்களுக்கான பிரிவில் பிரேமலாவுக்கு முதலிடம். அதே மாடல் சிவப்புக் காரில் ஓட்டிய ஹேமநாதனுக்கு இரண்டாமிடம்.

மூன்றாவதாக வந்த பச்சைத் தொப்பிக்காரனுக்குப் பொறுக்கவில்லை. “கடையில வாங்குன காடி இப்படி ஓடாது. ரெண்டு காடியையும் செக் பண்ணுங்க” என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். வழக்கமாக யாரும் பானட்டைத் திறந்து பார்ப்பதில்லை. புகார் வந்துவிட்டால் மட்டும் இஞ்சினில் உள்ள எண்ணும் பதிவு அட்டையில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஜெயித்தது செல்லாது.

“தள்ளிக்கண்ணே, பாக்கட்டும். நமக்கென்ன பயம்?” என்றாள் பிரேமலா.

மூன்று வருடமாக இந்தக் கோப்பைக்காக அலைகிறாள். இதுவரை ஒன்பதாவது, பத்தாவது, ஒருமுறை கடைசி. “இந்த வாரம் எத்தன கோன இடிச்ச?” என்று தொழிற்சாலையில் திங்கட்கிழமைதோறும் கேலி வேறு. இன்று ஒரு கோனைக்கூட அவள் தொடவில்லை.

பரிசோதகர் சயீத் அவளுடைய பதிவு அட்டையை வாங்கிக்கொண்டார். “எப்படிக்கா திடீர்னு இவ்வளோ வேகம்?”

“பழைய காடி லா. வேகத்தக் கொறைச்சா மறுபடி எடுக்காது, போன வருஷத்துலேருந்து இழுவையே கெடையாது. அதனால பிரேக்க ரொம்பத் தொடாம வளைக்கப் பழகிட்டேன்.”

சயீத் சிரித்துக்கொண்டே பானட்டைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

“நம்பர் ஒத்து வரலக்கா. இது இந்தக் காடியோட இஞ்சின் இல்ல.”

பச்சைத் தொப்பிக்காரன் கைதட்டினான். பிரேமலா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் காரில் அண்ணனைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை. எண்ணெய் மாற்றுவதற்குக்கூடத் தம்போயில் இருக்கும் அவனுடைய பட்டறைக்குத்தான் போவாள்.

“அண்ணே... நீயா?”

ஹேமநாதன் தலையைக் குனிந்துகொண்டான். “போன வருஷம் ரெண்டு வாரம் காடிய எங்கிட்ட விட்டுட்டுப் போனியே, அப்ப மாத்துனேன். நல்ல இஞ்சின் ஒன்னு கெடச்சுச்சு. நீ ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு அழுதுகிட்டே போறதப் பாக்க முடியல பிரேமா. ஒரு தடவையாச்சும் நீ ஜெயிக்கணும்னுதான்...”

“அப்ப இன்னிக்கு ஓட்டுனது நான் இல்லையா? இஞ்சின்தானா?”

வேறு யார் ஏமாற்றியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தன்னால் முடியாது என்று அண்ணனே முடிவு கட்டிவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. கார்க் கதவில் ஒட்டியிருந்த போட்டி எண்ணை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். அது பாதிதான் வந்தது.

சயீத் சிவப்புக் காரின் பக்கம் நகர்ந்தார். ஹேமநாதன் ஓடிப்போய் மறித்தான்.

“என் காடியப் பாக்க வேணாம் லா. என் பேரையும் எடுத்துருங்க. தங்கச்சிக்கு இல்லாத கோப்பை எனக்கு எதுக்கு?”

“புகார் ரெண்டு காடிக்கும் லா, பாத்துத்தான் ஆகணும்” என்று அவனை விலக்கிவிட்டுப் போனார் சயீத்.

அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் பிரேமலாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. தப்புதான், ஆனால் யாருக்காகச் செய்தான்? அவன் கண்ணும் கலங்கியிருந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருகில் போய் அவன் கையைப் பிடித்தாள்.

“சரி விடுண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். வா, தே தாரிக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போலாம்.”

அவள் இழுத்தும் அவன் நகரவில்லை, சிவப்புக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே சயீத் பானட்டுக்குள் குனிந்திருந்தார். பிரேமலாவின் பதிவு அட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார், இஞ்சினை ஒருமுறை பார்த்தார், பிறகு விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார்.

பானட்டை மூடாமலே திரும்பி வந்தவர், ஹேமநாதன் பக்கம் பார்க்காமல் அட்டையை அவளிடம் நீட்டினார்.

“அக்கா, உங்க இஞ்சின் உங்க அண்ணன் காடியில இருக்கு.”