சோதனைக்குழாயில் தே-ஓ

காலை வெயில் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சன்னல் கம்பிகளை மேசைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் ஒத்திகை பார்க்கும் உதவியாளர் சுகுமாரன், சிற்றுண்டிச்சாலையில் வாங்கிவந்த, பால் சேர்க்காத தே-ஓவைச் சோதனைக்குழாயில் ஊற்றி, இரும்புக் கரைசலை இரண்டு சொட்டு விடுகிறார். செம்பொன் நிறத்தில் இருந்த தேநீர் கண்ணெதிரே மையாய்க் கறுக்கிறது. இருபது வருடமாக இந்தக் கறுப்பைப் பார்த்து அலுத்த கண்கள் அவருக்கு. "தேயிலையில உள்ள பீனால் இரும்பப் புடிச்சுக்குது, பாத்தீங்களா அண்ணே?" என்கிறாள் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர் ரூபினி. அவளே தொடர்கிறாள்: "வயித்துலயும் இதே கததான் லா. இரும்பு மாத்திரைய தே-ஓவோட போட்டா ஒடம்புல சரியா சேராது."

துறைமுகத்துப் பக்கமிருந்து ஃபெரியின் ஊதல் நீளமாகக் கேட்கிறது. குழாயைப் பிடித்த சுகுமாரனின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. சுங்கை பினாங் வீட்டில் மனைவி தவமணிக்கு ரத்தசோகை. தலைசுற்றல் தாங்காமல் ஃபேக்டரி வேலையையும் விட்டுவிட்டாள். மாத்திரை துரு வாடை அடிக்கும் என்று, தினமும் அவரே கட்டியாகத் தே-ஓ கலக்கிப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ரத்தம் ஏறவே இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, "மாத்திரைய குப்பையில போடுறியா?" என்று கத்தியவரும் அவர்தான். சட்டைப்பையில் போன் அதிர்கிறது. அன்றிலிருந்து தினமும் அவள் அனுப்பும் படம்: பிரித்த மாத்திரை உறை, பக்கத்தில் பாதி குடித்த தே-ஓ. கீழே, "போட்டுட்டேங்க. நம்புங்க."