முழுகாதவள்

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சௌந்தரம் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லி, அவர்களும் வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கோமதிக்கு வந்தது. குளியலறைத் தரையில் சிவப்பு ஓடுவதைப் பார்த்தபடி நின்றாள். வயதுக்கு வந்ததிலிருந்தே அவளுக்குத் தள்ளித் தள்ளித்தான் வரும். நீர்க்கட்டி என்று டாக்டர் சொன்னதை, "அங்க போயி வாயத் தொறந்துராத" என்று பூட்டித்தான் அம்மா கட்டிக்கொடுத்திருந்தாள்.

மாமியார் கதவைத் தட்டினாள். "தலைக்கு ஊத்திராத தாயி, சளி புடிச்சுக்கும். மேலுக்கு மட்டும் ஊத்திட்டு வா."

உச்சந்தலைக்கு மேல் தூக்கிய செம்பைக் கோமதி தோளுக்கு இறக்கினாள். தரை வெளுக்கும்வரை தண்ணீர் விட்டாள்.

வெளியே வந்ததும் சௌந்தரம் அவள் கூந்தலைத் தடவிப் பார்த்தாள். துளி ஈரமில்லை. நிறைந்த முகத்தோடு அதில் மல்லிகையைச் சூட்டி, அவளைச் சாமி அறைக்குள் கூட்டிப்போனாள்.

"உன் கையால விளக்கேத்து."

"அத்தை..."

"என்ன வெக்கம்? ஏத்து."

அடிவயிறு சுண்டி இழுத்தது. கோமதி குச்சியை உரசினாள். கை ஈரத்தில் அது பற்றவில்லை. அவள் மூச்சு விடுவதற்குள், பின்னாலிருந்து நாலைந்து கைகள் வேறு தீப்பெட்டிகளை நீட்டின.