கராஜ் பக்கத்துச் சுவர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவரான நிர்மலன் அண்ணை சொன்னது. ஒன்றிரண்டு வார்த்தை மாறியிருக்கலாம்.

1996 பனிக்காலம். வில்லரே என்ற நகர்ப்பகுதியில், தன் அக்கா தக்ஷினியின் வாடகை வீட்டில் நிர்மலன் இருந்தார். அக்காவின் கைக்குழந்தை படுக்கும் அறையை ஒட்டி, ஹீட்டர் இல்லாத கராஜ். வீட்டுக்காரர் யோசெப் மாடியில்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் எவ்வளவு குளிர் ஏறும், எவ்வளவு ஈரம் தங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் நிர்மலனின் ஆய்வு. சுவருக்குள் கருவி வைத்து அளந்தும் பார்த்தார்.

ஜனவரியில் சுவர் நனையும் என்றது கணக்கு. காய்ந்தே இருக்கிறது என்றது கருவி.

"காரணம் தெரியாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் பேராசிரியை கத்தரின். இரண்டு வருடப் படிப்பு அந்தக் கையெழுத்தில் தொங்கியது.

"போன வருசம் அந்தச் சுவரில பூஞ்சணம் துடைச்சது நான்" என்றார் அக்கா. "திருத்தித் தாங்கோ எண்டு கேட்டா, வெயில் வரட்டும் எண்டார் வீட்டுக்கார மனுசன். இப்ப கராஜுக்குப் பெரிய பூட்டு. பிள்ளையின்ர தள்ளுவண்டி வைக்கவும் விடேல்லை. தன்ர காரையாவது உள்ள விடுறாரோ? அது றோட்டில பனிக்குள்ள கிடக்கு!"

காலையில் யோசெப் மூச்சுவாங்கக் காரைத் தோண்டி எடுப்பதை, அக்கா யன்னலால் பார்த்துச் சிரிப்பாராம்.

நிர்மலன் மாடிக்குப் போனார்.

"அண்ணை, கராஜுக்குள்ள ஒரு வெப்பமானி வைக்கவேணும். இல்லாட்டி என்ர படிப்பு போச்சு."

"வெறும் கராஜ் தம்பி. அங்க என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை எண்டுதான் நானும் கணக்கில போட்டனான். அதுதான் உதைக்குது."

யோசெப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

உள்ளே கதகதப்பு. பிள்ளையின் அறைச் சுவரோரம் ஒரு மின்சார ஹீட்டர். அதன் வயர் மாடியிலிருந்து இறங்கியிருந்தது.

"பெற்றோல் காரை இதுக்குப் பக்கத்தில விடேலாதே" என்றார் யோசெப், களவில் பிடிபட்டவர் போல.

"ஹீட்டர் என்னத்துக்கு அண்ணை?"

"தண்ணிக் குழாய் உறைஞ்சா வெடிச்சிரும். அதுக்குத்தான். அக்காட்ட சொல்லிராதீங்க."

நிர்மலனின் கண் வெப்பமானியை விட்டு அசையவில்லை. கராஜின் சூட்டைக் கணக்கில் சேர்த்ததும், கணக்கும் கருவியும் ஒத்துப்போயின. கத்தரின் கையெழுத்திட்டார். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் யோசெப்பின் பெயரும் இருக்கிறது.

நிர்மலனால் அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தன்ர குழாய்க்கெண்டாலும், என்ர பிள்ளையெல்லோ சூட்டில படுத்திருக்கு" என்றவர், மறுநாள் யோசெப் இறங்கி வருமுன்னே பனி அள்ளும் சவளுடன் போய் அவர் காரைச் சுற்றியிருந்த பனியைத் தள்ளிவிட்டார்.

குழந்தையின் பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அந்தக் கராஜுக்குள் போய், கூரையிலிருந்து தரைவரை தேடிப் பார்த்தேன்.

அங்கே தண்ணீர்க் குழாயே இல்லை.