இரையும் கை

சிறுநீரக நோயாளிகளின் இதயத்தை ஆராய்பவள் டாக்டர் ஸ்ரீலேகா. மும்பை மாட்டுங்காவில் தனியாக இருக்கிறாள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த நோயாளியின் கை எப்போதும் மெல்ல இரையும். அடைப்பில்லையே என்று தினமும் காலையில் அதைக் காதில் வைத்துப் பார்க்க வேண்டும். அவளுடைய நோயாளி தாராவி ஏஞ்சலம்மாளுக்குக் காது மந்தம்; அந்த மெல்லிய சத்தம் கேட்காது. அதனால் ஸ்ரீலேகாவுக்கு போன் போட்டு, போனைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள்.

"சத்தம் கேக்குதா டாக்டரம்மா?"

"நன்னா கேக்கறது."

"நீங்க சாப்ட்டியளா?"

வேறு யாரும் ஸ்ரீலேகாவிடம் அதைக் கேட்பதில்லை.

சனிக்கிழமை ஏஞ்சலம்மாளின் இதயம் நின்றது. அடக்கத்துக்கு ஸ்ரீலேகா போய்வந்தாள்.

திங்கட்கிழமை காலை போன் வரவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. எந்த அறுவை சிகிச்சையும் நடக்காத தன் இடது கையைத் தூக்கிக் காதில் வைத்தாள். இரைந்தது. அதே சத்தம்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கையை வாயருகே கொண்டுவந்து சொன்னாள்:

"இன்னும் சாப்பிடலை."